கிஃபாயா மிஸ் கேட்டு வாங்கிய சின்னக் கோட்டு

தல் அல்ஜவ்ஸ் நகராட்சி அருங்காட்சியகத்துக்கு வரும் சின்னப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மிஸ், டாய்லெட் எங்க?" இரண்டாவது கேள்வி கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். கிஃபாயா அதற்காகத்தான் காத்திருப்பார். "இந்த டெலிஃபோன்ல கேம் இருக்கா?" "இந்த வாள் யாரை வெட்டுச்சு?" "இந்தப் பானைக்குள்ள யாராவது இருக்காங்களா?" பெரியவர்கள் வந்தால் தலையை ஆட்டிக்கொண்டே பதினைந்து நிமிடத்தில் வாசலுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்காக கிஃபாயா ஒருநாளும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

அஜ்லூன் மலையில் இந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வீட்டில் ஐந்தாவது பெண். பெயருக்குப் பொருள் 'போதும்'. அவருடைய அப்பா அதைப் பெயராக வைக்கவில்லை, ஆண்டவனுக்கு விண்ணப்பமாகப் போட்டார். அடுத்தது பையன். "என் தம்பி பொறந்ததே என் பேராலதான். இன்னி வரைக்கும் ஒரு நன்றி சொன்னதில்ல, தடியன்" என்பார். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊரில் தலைமகன் பிறந்த அன்றே பெற்றவர்களின் சொந்தப் பெயர் உதிர்ந்துவிடும். அதன் பிறகு அவர்கள் அபூ இன்னார், உம்மு இன்னார். இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா. அந்தப் பெயர் வாய்க்காததால் கிஃபாயா ஐம்பத்தாறு வயதிலும் ஊர் முழுவதற்கும் 'மிஸ்'. பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்தவர் இல்லை.

நகராட்சியில் கட்டிட அனுமதிப் பிரிவில் எழுத்தராக இருந்தார். மேலதிகாரியின் மைத்துனர் அனுமதியில்லாமல் எழுப்பிய மூன்றாவது மாடியைப் பற்றி ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினார். அடுத்த வாரமே, பூட்டிக் கிடந்த ஒரு கல்வீட்டுக்கு மாற்றினார்கள். வாசலில் 'அருங்காட்சியகம்' என்று பலகை. உள்ளே பதினோரு பொருட்கள், அதில் மூன்று உடைந்தவை. தண்டனை என்றுதான் அனுப்பினார்கள். கிஃபாயா முதல் வேலையாக ஒரு தச்சரைக் கூட்டிவந்து கண்ணாடிப் பெட்டிகளின் கால்களை அறுக்கச் சொன்னார். "பெரியவங்க குனிஞ்சு பார்க்கட்டும். குனிய முடியாதவங்க டி.வி. பார்க்கட்டும்."

பெட்டிகள் தாழ்ந்த பிறகு மழலையர் பள்ளிகள் வரத் தொடங்கின. மாதம் நாற்பது பிள்ளைகள், வசந்த காலத்தில் நூறு. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் பெரியவர்களின் சாமான்: கலப்பை, துப்பாக்கி, மாவரைக்கும் கல். பிள்ளைகள் இரண்டாவது அறையிலேயே சோர்ந்து ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் அளவுக்கு ஒரு பொருள் வேண்டும் என்று கிஃபாயாவுக்கு ஆசை. அந்த ஆசைதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

அதற்குள் பொருள் சேர்ப்பதில் அவருக்கென்று ஒரு வழி உண்டாகியிருந்தது. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. பெண் கேட்கப் போகும்போதும், கொலைப்பகை தீர்க்கப் போகும்போதும் எங்கள் ஊரில் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு போவார்கள். ஜாஹா என்று பெயர். வீட்டுக்காரர் கசப்புக் காப்பி ஊற்றுவார். வந்தவர்களில் மூத்தவர் குடிக்காமல் கோப்பையைத் தன் முன்னால் கீழே வைத்துவிட்டுத் தேவையைச் சொல்வார். "காப்பியைக் குடிங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பழைய சீப்புக்காகவும் ஒரு அரிக்கேன் விளக்குக்காகவும் ஜாஹா கூட்டிப் போனவர் உலகத்திலேயே கிஃபாயா ஒருவராகத்தான் இருப்பார். மரியாதையாகக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. நகராட்சிக் கடிதத்தை நீட்டி வாங்குவது பிச்சை மாதிரி, கோப்பையைக் கீழே வைத்துக் கேட்பது அந்த வீட்டை உயர்த்துவது. ஐந்து பெரியவர்கள் எப்போதும் தயார். தலைமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அபூ நஸ்ரி. பதிவேட்டில் முப்பத்தாறு பொருட்கள் இப்படி வந்தவை.

"ஒரு வீட்லகூட இல்லன்னு சொன்னதில்ல, தெரியுமா?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஏப்ரல் வெள்ளிக்கிழமை, பக்கத்துக் குடியிருப்பான கிர்பத் ஸஅதர் வழியாக ஷேர் டாக்ஸியில் போகும்போது, ஒரு வீட்டு முற்றத்துக் கொடியில் சின்னஞ்சிறு ஆட்டுத்தோல் கோட்டு ஒன்று வெயிலில் தொங்குவதைப் பார்த்தார். ஆட்டிடையர்கள் குளிருக்குப் போடும் அதே கோட்டு, ஐந்து வயதுப் பிள்ளையின் அளவில். உள்பக்கம் ரோமம், வெளியே நீலத் துணி, கழுத்தில் ஒரே ஒரு பொத்தான். டாக்ஸியை நிறுத்தச் சொல்லிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், இறங்கறீங்களா இல்லையா? பின்னாடி லாரி என் குடும்பத்தையே திட்டுது" என்றார் ஓட்டுநர்.

விசாரித்ததில் அது அபூ காலிபின் வீடு. முன்பு வனத்துறையில் காவலராக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார். மகள் ஃபிர்யால் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறாள். மகன் காலிப் வளைகுடாவில் எங்கோ இருப்பான் என்று கிஃபாயா தானாக எண்ணிக்கொண்டார். எங்கள் ஊரில் கண்ணில் படாத மகன்கள் எல்லோரும் வளைகுடாவில்தான் இருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஜாஹா போயிற்று. ஐந்து பெரியவர்கள், கையில் பதிவேட்டோடு கிஃபாயா. அபூ காலிப் வாசலுக்கு வந்து ஒவ்வொருவரையும் கன்னம் தொட்டு வரவேற்றார். காப்பி வந்தது. அபூ நஸ்ரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அபூ காலிப், உங்க வீட்டுக்கு ஒரு தேவையோட வந்திருக்கோம்."

"வீடு உங்களோடது. சொல்லுங்க."

அபூ நஸ்ரி கிஃபாயாவைப் பார்த்தார். கிஃபாயா ஆசையோடு பேசினார். பிள்ளைகளைப் பற்றி, தாழ்த்திய கண்ணாடிப் பெட்டிகளைப் பற்றி, கொடியில் பார்த்த கோட்டைப் பற்றி. "ஆயிரம் குழந்தைங்க பார்ப்பாங்க, அபூ காலிப். நாளைக்குக் காலிபோட பிள்ளைங்களும் வந்து பார்க்கட்டுமே, அவங்களுக்கும் பெருமைதானே?"

அபூ நஸ்ரி இருமினார். அபூ காலிப் கோப்பையைப் பார்த்தார். ஒரு பெரியவர் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தினார். கோப்பையிலிருந்து வந்த ஆவி நின்றுபோயிற்று. தாராள மனசுக்காரர்கள் கொடுப்பதற்குமுன் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று கிஃபாயா நினைத்தார்.

"காப்பியைக் குடிங்க" என்றார் அபூ காலிப்.

உள்ளே போய் அவரே எடுத்துவந்தார். ஒருமுறை உதறினார். மடித்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். கிஃபாயா அங்கேயே உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினார்: ஆண் குழந்தையின் குளிர்கால மேலாடை, ஆட்டுத்தோல், நல்ல நிலை.

நினைத்தது நடந்தது. மூன்றாவது அறைக்கு வந்ததும் பிள்ளைகள் கிள்ளுவதை நிறுத்தினார்கள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, தங்கள் கை நீளத்தைக் கோட்டின் கையோடு வைத்து அளந்து பார்த்தார்கள். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு, ஒரு மார்ச் புதன்கிழமை, கிர்பத் ஸஅதர் மழலையர் பள்ளியிலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். துணைக்கு வந்த தாய்மார்களில் ஃபிர்யாலும் ஒருத்தி. அவளுடைய மகன் யாமினுக்கு ஐந்து வயது, முன்பல் இரண்டும் இல்லை.

கோட்டுப் பெட்டியைச் சுற்றி வழக்கமான கூச்சல்.

"ஐயோ, குட்டியூண்டு!"

"இது பொம்மையோட சட்டை."

"பொம்மைக்குக் குளிருமா, லூசு?"

"மிஸ், இது கடைல என்ன விலை?"

"இது விக்கிறதில்ல" என்றான் யாமின். "எங்க மாமாவோடது."

கிஃபாயாவுக்கு ஒரே மகிழ்ச்சி. குனிந்து அவன் தோளில் கை வைத்தார். "கேட்டீங்களா பிள்ளைங்களா? யாமினோட தாத்தாதான் இதை நமக்குக் குடுத்தார். கை தட்டுங்க!"

பிள்ளைகள் தட்டினார்கள். யாமின் தட்டவில்லை. "குடுக்கல. நீங்க கேட்டீங்க" என்றான். பிறகு, வீட்டில் சொல்லி அனுப்பியதை மறக்காமல் ஒப்பிக்கிறவன் போல, "அதை வெயில்ல போடுறீங்களான்னு தாத்தா உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு" என்றான்.

ஃபிர்யால் அவன் காதைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பிள்ளைகள் துப்பாக்கி அறைக்கு ஓடினார்கள். கிஃபாயா அவளை நிறுத்தினார்.

"வெயில்ல போடுறதுன்னா என்ன, ஃபிர்யால்?"

"சின்னப் பையன் பேச்சு, மிஸ். விடுங்க."

"சொல்லும்மா."

"அப்பா வருஷா வருஷம் ஏப்ரல்ல வெயில்ல போடுவார். பூச்சி அரிக்காம இருக்க. அது எங்கண்ணனோடது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான். ஒரு ஜனவரியில பனி விழுந்து ரோடு அடைச்சிடுச்சு. காய்ச்சல். அப்பா தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாராம், பாதி வழிவரைக்கும்."

கிஃபாயா கண்ணாடிக்குள் இருந்த கோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"எப்படிச் சொல்லுவார், மிஸ்? அஞ்சு பெரியவங்க உக்காந்திருந்தாங்க. கோப்பை கீழ இருந்துச்சு."

துப்பாக்கி அறையிலிருந்து யாரோ அழும் சத்தம் வந்தது. ஃபிர்யால் ஓடினாள்.

அன்று மாலையே கிஃபாயா அபூ நஸ்ரியின் கடைவாசலில் நின்றார். ஓய்வுக்குப் பிறகு அவர் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"கோப்பையை வெச்சாச்சே. வெச்சப்புறம் யார் பேசுறது?"

"வெக்கறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நீ யாருகிட்டயாவது ஏதாவது கேட்டியா? 'அபூ நஸ்ரி, வெள்ளை மேலங்கி போட்டுக்கிட்டு நாலு மணிக்கு வாங்க'ன்னு சொன்னே. வந்தேன்." ஒரு நோட்டை அடுக்கில் வைத்துக்கொண்டே, "நீ பேசுறப்ப நான் இருமினேனே, காதுல விழலையா?" என்றார்.

"சிகரெட் இருமல்னு நினைச்சேன்."

"நான் சிகரெட்டை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு."

நாலு நாள் யோசித்து கிஃபாயா ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்த வழி என்பதால் அதிலும் கோப்பை இருந்தது. தனியாகப் போவது. காப்பி வரும். குடிக்காமல் கீழே வைப்பது. 'இந்தக் கோட்டை நீங்க திரும்ப வாங்கிக்கணும், அதுதான் என் தேவை' என்று கேட்பது. கோப்பைக்கு முன்னால் இல்லை என்று சொல்ல முடியாது என்றால், அது அபூ காலிபுக்கும்தானே? பதிவேட்டில் 'சுத்தம் செய்ய வெளியே எடுக்கப்பட்டது' என்று எழுதினார். முப்பது வருட அரசு வேலையில் அவர் எழுதிய முதல் பொய் அது. கோட்டைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

"எப்படி இருக்கீங்க, அபூ காலிப்?" என்றார் வாசலில் நின்று.

"வா மகளே, உள்ள வா."

மெத்தையில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் ஏலக்காயோடு காப்பி கொதிக்கும் வாசனை. ஃபிர்யால் தட்டோடு வந்தாள். தட்டில் கண்ணாடிக் குவளை, சர்க்கரை, மரமிய்யா என்ற வாசனை இலை போட்ட டீ.

"காப்பி இல்லையா, அபூ காலிப்?"

"தீர்ந்துபோச்சு."

எங்கள் பக்கத்து வீடுகளில் மாவு தீரும், எண்ணெய் தீரும், காப்பி தீராது. கிஃபாயா அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

"நீ பையைத் தூக்கிக்கிட்டு ஏத்தம் ஏறி வர்றதை ஜன்னல்ல பார்த்தேன்" என்றார் அபூ காலிப். "டீ குடி, மகளே. டீயைக் கீழ வெச்சா ஆறிப்போகும், அவ்வளவுதான்."

கிஃபாயாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "உங்களுக்கு இஷ்டமில்லாம குடுத்தீங்க."

"குடுத்தேன். இஷ்டத்தைப் பத்தி யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன்."

"இப்ப கேட்டு? அஞ்சு பேர் முன்னாடி குடுத்ததை ஒரு துணிப்பையில திரும்ப வாங்கிக்கிட்டா, நாளைக்கு யாமினைப் பார்த்து என்ன சொல்லுவாங்க? குடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கின வீட்டுப் பையன்னு சொல்லுவாங்க. வேண்டாம். அது குடுத்தாச்சு."

ஆனாலும் கையை நீட்டிப் பையை வாங்கினார். கோட்டை வெளியே எடுத்தார். கழுத்துப் பட்டிக்குள், கை இடுக்கில், ரோமத்தைப் பிரித்துப் பிரித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

"பூச்சி உருண்டை போட்டிருக்கியா? போடாதே. வெயில் போதும். ஏப்ரல்ல ஒரு நாள், மத்தியானத்துக்கு முன்னாடி எடுத்துடணும், இல்லேன்னா தோல் விறைச்சுக்கும்."

"போடறேன்" என்றார் கிஃபாயா. இன்னும் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. "ஒண்ணு மட்டுமாவது செய்ய விடுங்க. அட்டையில சும்மா 'ஆண் குழந்தை'ன்னு எழுதியிருக்கேன். அவன் பேரை எழுதறேன். அவன் பேர் என்ன?"

அபூ காலிப் கோட்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"வாசல்ல நின்னு என்னை என்னன்னு கூப்பிட்டே?"

ஃபிர்யால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிஃபாயாவின் நினைவு இரண்டு வருடம் பின்னால் ஓடியது. இதே அறை, இதே மெத்தை. அபூ காலிப், அபூ காலிப் என்று எத்தனை தடவை. கடைசியில், காலிபோட பிள்ளைங்களும் வந்து பார்க்கட்டுமே. எங்கள் ஊரில் காலையிலிருந்து சாயங்காலம்வரை எல்லோரும் எல்லோரையும் அவரவர் மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். அந்த மகன் எங்கே என்று கேட்பதில்லை.

"அட்டையில வேண்டாம்" என்றார் அபூ காலிப். "ஊரே கூப்பிடுது. அது போதும்." பொத்தானைப் போட்டு, கோட்டைப் பையில் வைத்து, பையை அவர் பக்கம் தள்ளினார். "டீ ஆறுது பாரு."

கிஃபாயா குடித்தார். அந்த டீயில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஏப்ரலில் கோட்டை அருங்காட்சியகத்து மொட்டை மாடியில் ஒரு நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த ஏப்ரலிலும். அதற்குள் அபூ காலிப் இறந்துவிட்டார். துக்கம் விசாரிக்கப் போனபோது ஃபிர்யாலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தார். "அப்பா வேண்டாம்னு சொன்னதை நான் எப்படி மிஸ் வாங்கறது?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று கிஃபாயாவுக்கு இருந்தது.

பிறகு பதிவேட்டைத் திறந்து, ஜாஹா போய் வாங்கிய மற்ற முப்பத்தாறு பொருட்களையும் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக, முன்னறிவிப்பில்லாமல், நேராகச் சமையலறை வாசலுக்குப் போனார். காப்பி கொடுத்தால் முதலில் குடித்து முடித்துவிட்டு, "அன்னிக்கு நிஜமாவே இஷ்டப்பட்டுத்தான் குடுத்தீங்களா? வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம்" என்று கேட்டார். ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. முப்பத்தைந்து வீடுகளில் ஒரே பதில்: குடுத்தது குடுத்ததுதான், மிஸ். சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். சிலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்கள். யார் மனசாரச் சொன்னார்கள், யார் வழக்கத்துக்காகச் சொன்னார்கள் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. உம்மு ராகான், மேட்டுத் தெரு. கல்யாண வீட்டு ஆட்டுக்கறி வேகவைக்கும் பெரிய செம்பு அண்டாவைக் கொடுத்தவர். கேள்வி முடிவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எடுத்துட்டு வா. இல்ல, நானே வர்றேன். அன்னிலேர்ந்து ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் நாத்தனார்கிட்டப் போய் அண்டா இரவல் கேக்கறேன். அவ குடுக்கறதுக்கு முன்னாடி என் சமையலைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம விடமாட்டா. இத்தனை நாள் எங்கடி போயிருந்தே?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, உம்மு ராகான்?"

"அந்த அஞ்சு கிழவனுங்க முன்னாடியா? இப்படித் தனியா வந்து கேட்டிருந்தீன்னா, போடி, அண்டாவும் கிடையாது மூடியும் கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்."

இருவருமாக அண்டாவை ஆளுக்கொரு காதைப் பிடித்து அருங்காட்சியகப் படிக்கட்டில் இறக்கி மேட்டுத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. நடுவழியில் இரண்டு தடவை கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். உம்மு ராகான் வழிநெடுகச் சிரித்தார், கிஃபாயா சிரிக்கவில்லை.

இந்தக் கோடையில் அவருக்கு ஓய்வு. சமீபத்தில் ஒரு காலை, மழலையர் கூட்டம் ஒன்று கிளம்பிப் போன பிறகு, கண்ணாடியில் பதிந்திருந்த மூக்குத் தடங்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தனியாப் போயிருந்தா, 'இல்ல மகளே, அதைக் கேக்காதே'ன்னு சொல்லியிருப்பார். நானும் சரின்னு எழுந்து வந்திருப்பேன். அவ்வளவுதான், ஒண்ணுமே நடந்திருக்காது." துணியை மடித்தார். "அந்த 'இல்ல'யைச் சொல்றதுக்கு அவருக்கு நான் ஒரு வாய்ப்பே குடுக்கல."